ஐந்து ஆணிகளில் ஐந்து கத்திகள்

மீட்புப் படகு நிலையத்தில் பண்டகக் காப்பாளராகப் பத்தொன்பது ஆண்டுகள் இருந்த அந்த அம்மையாரை அங்கே எவரும் பெயர் சொல்லி அழைத்ததில்லை. துரு அக்கா என்பதே அவருக்கு நிலைத்த பெயர். ஒரு கொக்கியையோ சங்கிலியையோ கையில் வாங்கியதும் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, வெறுங்கண்ணை அதன்மேல் ஒட்டினாற்போல் வைத்துத் துருவைத் தேடுவார். அந்தப் பெயரைச் சூட்டியவர் நிலையத்தின் வானொலிக் கருவியை இயக்குபவர். அக்கா அவருக்குப் பதிலுக்கு வைத்த பெயர் ரேடியோ. கருவியை அணைத்த பிறகும் அவருடைய பேச்சு ஓயாது.

அக்காவின் பண்டக அறை பதினாறடி நீளம், ஒன்பதடி அகலம். மிதவைச் சட்டைகள் அளவு வாரியாகவும், கயிறுகள் பருமன் வாரியாகவும், விளக்குகள் எரியும் நேரம் வாரியாகவும் அடுக்கப்பட்டிருக்கும். கண்ணைக் கட்டிவிட்டாலும் கேட்ட பொருளை எடுத்துக் கொடுப்பார் என்று சொல்வார்கள். ஒருமுறை மின்சாரம் போன மாலையில் அப்படியே செய்தும் காட்டினார். அவருடைய கணவர் அதே நிலையத்தில் எஞ்சின் மெக்கானிக். கணவரின் தம்பி படகுக் குழுவில் ஒருவர். மூவரும் ஒரே வீட்டில், ஒரே அடுப்பில் சமைத்து உண்டு வாழ்ந்தனர்.

முந்தைய ஆண்டின் மழைக்காலத்தில் அந்தக் கொழுந்தனுக்கு ஒரு விபத்து நேர்ந்தது. பழுதாகி மிதந்துகொண்டிருந்த ஒரு படகைக் கட்டி இழுத்து வரும்போது, கயிற்றின் சுருள் ஒன்று அவருடைய இடது காலைச் சுற்றி இறுகியது. இத்தகைய வேளைக்காகவே குழுவினர் ஒவ்வொருவரும் இடுப்பில் ஒரு கத்தி வைத்திருப்பார்கள். மடக்குக் கத்தி அன்று; உறையிலிருந்து ஒரே இழுப்பில் வர வேண்டிய குட்டைக் கத்தி. கொழுந்தன் இழுத்தார். கத்தி வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தார். அப்போதும் வரவில்லை. பக்கத்திலிருந்தவர் தம் கத்தியால் கயிற்றை அறுப்பதற்குள் கணுக்காலுக்கு மேலே எலும்பு முறிந்துவிட்டது. அந்தக் கத்தியை உறையிலிருந்து எடுக்க மெக்கானிக் அதைப் பட்டறைப் பிடியில் வைத்துச் சுத்தியலால் தட்ட வேண்டியிருந்தது. வெளியே வந்தபோது அலகு முழுவதும் பழுப்பாக இருந்தது.

இதில் எவருக்கும் தெரியாத ஒன்று அக்காவுக்குத் தெரியும். மாதந்தோறும் பதினாறு கத்திகளையும் உருவிப் பார்த்து, பதிவேட்டில் ஒவ்வொன்றுக்கும் நேராக ஒரு டிக் போடுவது அவருடைய கடமை. அந்த மாதம் பதினான்காவது கத்தியைப் பார்த்து முடித்தபோது அபாயச் சங்கு ஊதிவிட்டது. குழுவினர் ஓடி வந்து அவரவர் கத்தியை எடுத்துக்கொண்டார்கள். மீதி இரண்டையும் அவர்கள் இடுப்பில் கட்டும்போதே பிடியை மட்டும் பார்த்துவிட்டு அவர் டிக் போட்டுவிட்டார். பதினைந்தாவது கத்தி கொழுந்தனுடையது.

விபத்துக்கு மறுநாள் அவர் ஓர் அட்டையில் பெரிய எழுத்தில் எழுதி, தேநீர் அறைக்கும் படகுத்துறைக்கும் இடையிலுள்ள நடைபாதைச் சுவரில் மாட்டினார். ‘பூச்சு இல்லாத கத்தியைத் துடைத்து எண்ணெய் தடவாமல் உறையில் இடக் கூடாது’ என்பது அதன் வாசகம். அதன் கீழே ஓர் எண்ணெய்ப் புட்டியும் துணியும் வைத்தார். அதற்குமேல் அவர் எவரிடமும் எதுவும் பேசவில்லை.

கொழுந்தனின் கால் கூடி வந்த வேளையில், எல்லாக் கத்திகளையும் மாற்றுவது என்று நிலைய அலுவலர் முடிவு செய்தார். செய்து தருபவரிடமிருந்து ஐந்து மாதிரிகள் வந்தன. ஐந்தும் ஒரே எஃகு, ஒரே அச்சு. மேற்பரப்பு மட்டுமே வேறு. முதலாவது கண்ணாடிபோல் தேய்த்துப் பளபளப்பாக்கியது. இரண்டாவது சிறு கற்களோடு போட்டு உருட்டிச் சாம்பல் நிறமாய் மங்கவைத்தது. மூன்றாவது காரக் கரைசலில் கொதிக்கவைத்துக் கறுப்பேற்றியது. நான்காவது வண்ணத்தூள் பூசிச் சூளையில் சுட்டது. ஐந்தாவது காற்றை வெளியேற்றிய கலத்துக்குள் வைத்து, மயிரிழையினும் மெல்லிய கருங்கடினப் படலம் ஏற்றியது. இவற்றுள் எது சிறந்தது என்று பத்து வாரத்துக்குள் அறிக்கை தருமாறு அக்காவிடம் அலுவலர் சொன்னார். பத்தாவது வாரம் முடிந்த திங்கட்கிழமை கொழுந்தன் மீண்டும் படகேறுவதாக இருந்தார்.

“எந்தக் கத்தின்னு அண்ணி சொல்லட்டும். அதை இடுப்புல கட்டிக்கிட்டுத்தான் ஏறுவேன். இல்லேன்னா வீட்டுலயே உக்காந்துக்கறேன்” என்று கொழுந்தன் சாப்பிடும்போது சொன்னார். விளையாட்டாகத்தான் சொன்னார். அக்கா சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டார்.

நடைபாதையில், அந்த அட்டைக்குக் கீழேயே ஐந்து ஆணிகள் அடித்து, ஐந்து கத்திகளையும் உறையோடு தொங்கவிட்டார். அங்கேதான் தரையில் நீர் வடிய வாட்டம் இருந்தது. நாள்தோறும் காலை ஏழு மணிக்கு ஒவ்வொன்றையும் கடல்நீரில் முக்கி, ஈரத்தோடு உறையில் சொருகுவார். மறுநாள் மீன் நிறுக்கும் தொங்கு தராசின் கொக்கியைப் பிடியின் துளையில் மாட்டி இழுத்து, எத்தனை கிலோ இழுப்பில் கத்தி வெளியே வருகிறது என்று குறிப்பார். பிறகு கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றுவார். ‘சோதனை. எடுக்கக் கூடாது’ என்று ஒரு சீட்டும் ஒட்டியிருந்தார்.

முப்பது நாள் கழிந்தபின் குறிப்பேட்டைப் பார்த்தவருக்குத் தலை சுற்றியது. கறுப்பேற்றியது செம்மண்ணில் புரண்டதுபோல் இருந்தது. தூள் பூசியதில் உறையின் வாய் உரசிய இடத்தில் பூச்சு பெயர்ந்து, அடியில் துரு கிளம்பியிருந்தது. கடினப் படலத்தில் ஊசி குத்தினாற்போல் புள்ளிகள். சாம்பல் கத்தி ஒன்பது கிலோ இழுப்பில் முனகிக்கொண்டு வெளியே வந்தது. ஒரு பாதுகாப்பும் இல்லாத பளபளப்புக் கத்தியோ வாங்கிய அன்று இருந்தபடியே இரண்டு கிலோவில் வழுக்கிக்கொண்டு வந்தது.

“சட்டை போட்டவன் எல்லாம் நனைஞ்சுட்டான், வெறும் உடம்போட நின்னவன் காஞ்சு போயிருக்கான்” என்றார் மெக்கானிக். “மழை எந்தப் பக்கமா பெய்ஞ்சுது?”

“சிரிக்காதீங்க. எனக்கு ஒண்ணுமே புரியலை.”

“நல்லா தேய்ச்ச இரும்புல தண்ணி தங்காதுன்னு சொல்லுவாங்க.”

“கொஞ்சம் தங்காது, சரி. ஒரு பொட்டு கூடவா இல்லாம போகும்? உறைக்குள்ள முழுக்க ஈரம்.”

“அப்போ அதையே எழுதிக் குடுத்துட்டு வா.”

“போன வருஷம் தம்பி இடுப்புல இருந்ததும் பூச்சு இல்லாத கத்திதானே?”

மெக்கானிக் குறிப்பேட்டை மூடி அவரிடம் நீட்டினார்.

அக்கா முதலில் ஆணியைச் சந்தேகித்தார். பளபளப்புக் கத்தி இருந்த ஆணிக்குப் பக்கத்தில் சன்னல், காற்று பட்டிருக்கலாம். கத்திகளின் இடத்தை மாற்றினார். பிறகு நீரைச் சந்தேகித்தார். துறையின் படியில் மொண்ட நீரில் மழைநீர் கலந்திருக்கலாம் என்று, படகு வெளியே போய் வரும்போது ஒரு வாளி கொண்டுவரச் செய்தார். உறைகளையும் ஒன்றுக்கொன்று மாற்றினார். எல்லாவற்றையும் துரு நீக்கித் தேய்த்து மீண்டும் இருபது நாள் தொங்கவிட்டார். முடிவு மாறவில்லை. கண்ணால் கண்டதை நம்பினால் கையால் கற்றதெல்லாம் பொய்யாகிறது. கையால் கற்றதை நம்பினால் குறிப்பேடு பொய்யாகிறது. அந்த நாள்களில் அவர் இரண்டு முறை பண்டக அறையைப் பூட்டிவிட்டு வீடு வந்து, பூட்டினோமா என்று பார்க்கத் திரும்பிப் போனார். மூன்றாம் முறை சாவியையே காணவில்லை. அது அவருடைய கழுத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

“அண்ணி, முடிஞ்சுதா?”

“இல்லை தம்பி.”

“அஞ்சு கத்தியப் பார்க்க ஏழு வாரமா? வாடகைக்கு வீடு பார்க்கறவங்க கூட இதுக்குள்ள குடி போயிருப்பாங்க.”

“அவங்க வீட்டுல ஓடு ஒழுகினா பாத்திரம் வெச்சுக்கலாம்.”



ஐம்பத்தோராம் நாள் ஒரு சிறு நிகழ்வு. பளபளப்புக் கத்தியை உருவியவர் விரலோடு விரலைத் தேய்த்துப் பார்த்தார். வழவழப்பாக இருந்தது. முகர்ந்து பார்த்தார். கடல் வாடையோடு வேறொரு வாடையும் வந்தது. எவரிடமும் சொல்லாமல் மெழுகுக் குச்சியால் ஐந்து அலகுகளிலும் மெல்லிய கோடு ஒன்று இழுத்து, உறையில் சொருகினார். மறுநாள் நான்கு கோடுகள் அப்படியே இருந்தன. பளபளப்புக் கத்தியின் கோடு மட்டும் காணாமல் போயிருந்தது.

தேநீர் வேளையில் அவர் அந்தக் கத்தியோடு தேநீர் அறைக்குள் நுழைந்து, மேசையின் நடுவே அதை வைத்தார். அறையில் ஆறு பேர் இருந்தனர்.

“இதை யாரு துடைச்சது?”

ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ரேடியோதான் முதலில் வாய் திறந்தார்.

“நான்தான்க்கா. நேத்து சாயங்காலம். ஈரமா இருந்துச்சு, துடைச்சு எண்ணெய் தடவினேன்.”

“நேத்து மத்தியானம் நான் துடைச்சேனே” என்றார் படகு ஓட்டுபவர்.

“நீங்களுமா? நான் தினம் ஒரு தடவை துடைச்சுட்டுத்தான் துறைக்கே போறேன்” என்றார் மூன்றாமவர். “எனக்கு என்னவோ நான் மட்டும்தான் செய்யறேன்னு நினைப்பு.”

“எடுக்கக் கூடாதுன்னு எழுதி ஒட்டியிருக்கேனே, கண்ணு தெரியலையா உங்களுக்கு?”

“எடுக்கலையேக்கா” என்றார் ரேடியோ. “உறை ஆணியில இருந்தபடியேதான் உருவித் துடைச்சோம். உத்தரவை மீறலை.”

“சரி, இதை மட்டும் ஏன் துடைச்சீங்க? மத்த நாலும் என்ன பாவம் செஞ்சுது?”

“மேல நீங்கதானே எழுதி மாட்டியிருக்கீங்க? பூச்சு இல்லாத கத்தியைத் துடைக்கணும்னு. இது ஒண்ணுதான் பூச்சு இல்லாதது. மத்ததுக்கெல்லாம்தான் பூச்சு இருக்கே.”

“சாம்பல் கத்திக்கு ஏது பூச்சு? அது கல்லோட உருட்டினது. வெறும் இரும்பு.”

“அப்படியா?” என்றார் படகு ஓட்டுபவர். “நான் சாம்பல் பெயின்ட்டுன்னுல்ல நினைச்சேன்.”

எல்லோரும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. ஐம்பத்தொரு நாள் அவர் சோதித்தது கத்திகளை அன்று, தாம் எழுதி மாட்டிய அட்டையை என்பது அவருக்கு அப்போதுதான் விளங்கத் தொடங்கியது. அறையின் மூலையில் வாயே திறக்காமல் இருந்தவர் கொழுந்தன். கால் தேறிவந்ததால் ஒரு மாதமாகக் காலை நேரத்தில் தாமும் நிலையத்துக்கு வந்து உட்கார்ந்துகொண்டிருந்தார். எழுந்து போகிற போக்கில் மெதுவாகச் சொன்னார்: “நானும்தான் அண்ணி. ஒவ்வொரு நாளும் ரெண்டு தடவை.”

எஞ்சிய நாள்கள் போதாமல் போய்விடுமோ என்ற பதற்றத்தோடு, ஐந்தையும் மீண்டும் சுத்தம் செய்து, பண்டக அறையின் உள்ளலமாரியில் வைத்துப் பூட்டினார். காலையில் கடல்நீரில் முக்கிச் சொருகும் அவருடைய கை தவிர இம்முறை வேறு கை படவில்லை; காற்றில்லாத அலமாரியில் துருவும் விரைந்து ஏறியது. பளபளப்புக் கத்தி ஆறாம் நாளே உறையைப் பிடித்துக்கொண்டது. பத்தொன்பது கிலோ இழுத்தும் வரவில்லை. சாம்பல் கத்தி எட்டாம் நாள் இறுகியது. கறுப்பேற்றியது பத்தாம் நாள் பதினொரு கிலோ கேட்டது. தூள் பூசியது தன் பருமனால் உறையில் சற்று இறுக்கமாக இருந்தது. ஆனாலும் ஐந்து கிலோவுக்குமேல் கேட்கவில்லை. கடினப் படலம் மூன்று கிலோவில் வந்தது.

இதோடு முடிந்தது என்று அக்கா மூச்சு விட்டார். அறிக்கையின் முதல் பக்கத்தை எழுதியும் விட்டார். எழுதியபின், ஒரு வழக்கத்துக்காக, கட்டைவிரல் பருமனுள்ள நனைந்த கயிறு ஒன்றை அறுத்துப் பார்த்தார். கடினப் படலக் கத்தி ஏழு முறை இழுத்த பிறகே அறுத்தது. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். அலகு கறுப்பாகவே இருந்தது. விளிம்பில் மட்டும் நூல்போல் ஒரு பழுப்புக் கோடு. எந்தப் பூச்சானாலும் முதலில் பூசுகிறார்கள். பிறகுதான் கூர் தீட்டுகிறார்கள். தீட்டும்போது பூச்சு போய்விடுகிறது. ஆகவே எந்தக் கத்தியிலும் கயிற்றைத் தொடும் இடம் வெறும் இரும்பு. தூள் பூசிய கத்தியிலும் அதே பழுப்புக் கோடு. நிலையத்தார் துடைத்துத் துடைத்து வைத்த பளபளப்புக் கத்தியோ, இருபது நாள் சோதனையின் முடிவில் அதே கயிற்றை இரண்டே இழுப்பில் அறுத்திருந்தது. அது குறிப்பேட்டில் பதிவாகியிருந்தது.

எளிதில் உருவ வரும் கத்தி அறுக்கவில்லை. அறுக்கும் கத்தி, எவரும் துடைக்காவிட்டால் உருவவே வராது. பூச்சு உள்ளதைக் கொடுத்தால் பூச்சு இருக்கிறதே என்று துடைக்க மாட்டார்கள். பூச்சு இல்லாததைக் கொடுத்தால் இப்போது துடைக்கிறார்கள். விபத்து மறந்துபோன பிறகும் துடைப்பார்களா? முன்பு துடைத்தார்களா என்ன? எழுதிய முதல் பக்கத்தைக் கிழித்து நான்காக மடித்து இடுப்பில் சொருகிக்கொண்டு அவர் வீட்டுக்கு வந்தார். அன்று வெள்ளிக்கிழமை.

கொழுந்தன் முற்றத்தில் உட்கார்ந்து, புதிய காலணிக்கு வார் கோத்துக்கொண்டிருந்தார்.

“எந்தக் கத்தி அண்ணி?”

“தெரியலை தம்பி.”

“தெரியலைன்னா?”

“தெரியலைன்னா தெரியலை. எழுபது நாள் பார்த்தும் தெரியலை. நீ திங்கக்கிழமை போகாதே.”

கொழுந்தன் வாரை விட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தார். அக்கா நின்றபடியே சொன்னார். பதினான்கு கத்திகளை உருவியதையும், சங்கு ஊதியதையும், பதினைந்தாவதன் பிடியை மட்டும் பார்த்துவிட்டு டிக் போட்டதையும் வரிசை மாறாமல் சொன்னார். சமையலறையில் பாத்திரம் எடுத்துக்கொண்டிருந்த மெக்கானிக் சத்தமில்லாமல் அதைக் கீழே வைத்தார்.

“என் டிக்கை நம்பித்தான் நீ அதைக் கட்டிக்கிட்டுப் போனே. மறுபடி ஒரு கத்தியைக் காட்டி இதை நம்பிப் போன்னு எப்படிச் சொல்றது?”

கொழுந்தன் சற்றுநேரம் காலணியைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

“விபத்துக்கு முன்னால மூணு வாரமா நான் அந்தக் கத்தியை உருவவே இல்லை, அண்ணி.”

“என்னது?”

“ஒருநாள் மழையில நனைஞ்சுது. அப்படியே சொருகினேன். அப்புறம் தொடவே இல்லை. மாசாமாசம் நீங்க பார்க்கறீங்க. துரு அக்கா கண்ணுக்குத் தப்பினது எங்க கண்ணுக்கா தெரியப் போகுதுன்னு எல்லாருக்குமே ஒரு நினைப்பு. பதிவேட்டுல டிக் இருந்தா நாங்க ஏன் உருவிப் பார்க்கப் போறோம்?”

அக்கா அருகிலிருந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

“முன்னாலயே சொல்றதுக்கென்ன?”

“நீங்க கேட்கலையே. நான்தான் சோம்பேறித்தனத்துல காலை உடைச்சுக்கிட்டேன்னு உங்ககிட்ட ஒப்புக்க வெக்கமா இருந்துச்சு.” கொழுந்தன் சிரித்தார். “ரெண்டு பேரும் ஒரே குற்றத்தை ஆளுக்குப் பாதியா வெச்சுக்கிட்டு, ஒரே தட்டுலயே சாப்பிட்டிருக்கோம்.”

“என்னை ஏன்டா அந்தக் கணக்குல சேர்க்கலை?” என்று உள்ளிருந்து மெக்கானிக் குரல் கொடுத்தார். “உறைக்கு அடியில தண்ணி வடிய ஒரு ஓட்டை போடச் சொல்லி ரெண்டு வருஷமா உங்க அண்ணி என்கிட்ட கேட்டுக்கிட்டிருந்தா.”

சனிக்கிழமை அக்கா எழுதிய அறிக்கை ஒன்றரைப் பக்கம். அதன் நகல் இன்னும் நிலையக் கோப்பில் இருக்கிறது. கடினப் படலம் ஏற்றிய கத்தியையே அவர் பரிந்துரைத்தார். உறையின் அடியில் துளை வேண்டும் என்றார். பூச்சு எதுவாயினும் கூர்விளிம்பில் பாதுகாப்பில்லை என்பதை அடிக்கோடிட்டார். பதிவேட்டில் பண்டகக் காப்பாளர் டிக் போடும் பத்தியை நீக்கிவிட்டு, ஒவ்வொருவரும் தம் கத்தியை நாள்தோறும் தாமே உருவி, விளிம்பைத் துடைத்து, பக்கத்திலிருப்பவரிடம் காட்டிவிட்டுச் சொருக வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். கடைசி வரி இது: ‘பளபளப்புக் கத்தியைத் துடைப்பவர்கள் தொடர்ந்து துடைப்பார்களாயின் அதுவே சிறந்ததாக இருக்கக்கூடும். தொடர்வார்களா என்பதை என்னால் சோதிக்க இயலவில்லை.’

அலுவலர் அந்த வரியை அடித்துவிடச் சொன்னார். அக்கா மறுத்துவிட்டார்.

அன்று மாலை நடைபாதையில் ஒரு முக்காலியைப் போட்டு ஏறி, அட்டையிலிருந்த ‘பூச்சு இல்லாத’ என்ற முதல் இரண்டு சொற்களின்மேல் வெள்ளை வண்ணம் பூசினார். இரண்டு முறை பூசியும் வெயில் படும்போது அந்த எழுத்துகள் அடியிலிருந்து மங்கலாகத் தெரிந்தன.

மற்றவர்களுக்கான கத்திகள் வந்து சேர மேலும் இரண்டு மாதம் ஆகும். ஆகவே திங்கட்கிழமை காலை, சோதனையிலிருந்த அந்தக் கடினப் படலக் கத்தியையே தீட்டிக் கொழுந்தனிடம் கொடுத்தார். மெக்கானிக் உறையில் துளை போட்டிருந்தார். கொழுந்தன் இடுப்பில் கட்டிக்கொண்டு, ஈரக் கையுறையோடு இழுத்தார். கத்தி வந்தது. விளிம்பில் எண்ணெய்த் துணியை ஒருமுறை ஓட்டி, அருகில் நின்ற ரேடியோவிடம் நீட்டினார்.

“பாருங்க.”

“பார்த்தாச்சு. முகச்சவரம் பண்ணலாம்.”

“உங்க முகத்துக்கு இது பத்தாது.”

கத்தியைச் சொருகிக்கொண்டு கொழுந்தன் அக்காவைத் திரும்பிப் பார்த்தார். அக்கா பண்டக அறையின் வாசலில் பதிவேட்டோடு நின்றிருந்தார். மூடி கழற்றிய பேனா கையில் இருந்தது. டிக் போட வேண்டிய பத்தி அந்தப் பக்கத்தில் இல்லை. பேனாவை எங்கே வைப்பது என்று தெரியாதவர்போல் அவர் கையை மேலும் கீழும் கொண்டுபோனார்.

“இன்னொரு தடவை உருவிக் காட்டு” என்றார்.

கொழுந்தன் உருவிக் காட்டினார்.

“சரி. போ.”

படகு துறையை விட்டு நகர்ந்து திரும்பும்வரை அவர் அங்கேயே நின்றார். பிறகு நடைபாதைக்கு வந்தார். எஞ்சிய நான்கு கத்திகளும் மீண்டும் ஆணிகளில் தொங்கிக்கொண்டிருந்தன. துணியை எடுத்து, பளபளப்புக் கத்தியைத் துடைத்தார். சற்றுத் தயங்கிவிட்டு, மற்ற மூன்றையும் துடைத்தார்.